வெறுங்கையோடு வாசலில்

செயின்ட் மிஷேல், மொன்றியல்
08.10.2023

அன்பான வினோஜா அப்பாவுக்கு,

நானும் பிள்ளையும் நல்ல சுகம். உங்களுக்குத்தான் ஏதோ சுகமில்லை எண்டு நினைக்கிறன். இல்லாட்டி இப்பிடி ஒரு வேலை பாத்திருக்கமாட்டியள்.

கடிதம் வருது எண்டு சிரிக்காதேங்கோ. போன புதன்கிழமை போனில நீங்கள் அந்தச் செய்தியைச் சொல்ல நான் கத்தினது முழுக்க வினோஜாவுக்குக் கேட்டிட்டுது. இந்த ரெண்டு அறை வீட்டில எங்க ஒளிச்சு நிண்டு கதைக்கிறது? குளியலறைக் கதவைப் பூட்டினாலும் வந்து வெளியில நிக்கிறாள். தமிழ் விளங்காத மாதிரி நடிக்கிற பிள்ளைக்கு விளங்கக்கூடாததுகள்தான் வடிவா விளங்குது. "அம்மா, துவக்கு எண்டா என்ன?" எண்டு கேட்டாள். நான் பிறெஞ்சில சொல்லேல்லை. பழைய சாமான் ஒண்டு எண்டு சொல்லிச் சமாளிச்சன். ஆனபடியா இனி உந்தக் கதை கடிதத்தில மட்டும். போனில சாப்பாடும் பாடமும் குளிரும் கதைப்பம். சண்டை முடிஞ்சு முகாமில நான் இருக்கேக்க எனக்கு எழுதினியள்தானே, அப்பிடி நினைச்சுக்கொள்ளுங்கோ.

இப்ப ஆறுதலாக் கேக்கிறன். உங்கட பள்ளிக்கூடச் சபை, விருப்பமான வாத்திமார் பிஸ்டல் வைச்சிருக்கலாம் எண்டு முடிவெடுத்திது. சரி, அது அவையின்ர நாடு, அவையின்ர சட்டம். கை தூக்கினது ஏன் நீங்கள்? இருபத்தினாலு மணித்தியாலப் பயிற்சி எண்டு பெருமையாச் சொல்லுறியள். புரோசார்ட்டில இருக்கிற பத்திநாதர் அண்ணையின்ர மகன் லக்ஷன் இஞ்ச கார் ஓட்ட லைசன்ஸ் எடுக்க ஒரு வருசமாப் படிச்சுக்கொண்டிருக்கிறான். இன்னும் ஒழுங்கா நிப்பாட்டத் தெரியாது.

உங்களை ஒஹாயோவுக்குப் போங்கோ எண்டு சொன்னது நான்தான், அதை மறுக்கேல்லை. உங்கட அண்ணை போட்ட ஸ்பொன்சர் சரிவந்தோண்ண, இஞ்ச பிறெஞ்சுச் சோதினையில தவறி வெயர்ஹவுஸில பெட்டி தூக்கிக்கொண்டிருந்த மனிசன் திரும்பக் கணக்குப் படிப்பிக்கப் போறார் எண்டு நான்தான் சந்தோசப்பட்டன். வாற கோடையில நானும் பிள்ளையும் உங்களிட்ட வாறது எண்டுதான் எங்கட கதை. அந்த நாளை நினைச்சுத்தான் இந்த ரெண்டு குளிரையும் கழிச்சனான். இப்ப, துவக்கு இருக்கிற வீட்டுக்குப் பிள்ளையை எப்பிடிக் கூட்டிக்கொண்டு வாறது எண்டு எனக்குத் தெரியேல்லை.

புட்டு அவிக்கிறியளோ, இல்லை பாணோட காலம் போகுதோ? மெலிஞ்சுபோனியள் எண்டு வினோஜா சொல்லுறாள்.

கோவத்தோட, ஆனா உங்கட,
லோஜினி


ஒஹாயோ
19.10.2023

என்ர லோஜினிக்கு,

உம்மட எழுத்தைக் கண்டு எவ்வளவு காலம். கோவமா இருந்தாலும் ரெண்டுதரம் வாசிச்சன். "ற" இப்பவும் சரிஞ்சுதான் நிக்குது.

ஏன் கை தூக்கினன் எண்டு கேட்டீர். சொல்லுறன், வெட்டாமல் வாசியும். இது நடுக் காட்டுக்குள்ள இருக்கிற ஊர். பொலிஸ் வாறதெண்டா அரை மணித்தியாலம் வேணும். வேற ஊர்ப் பள்ளிக்கூடங்களில நடந்ததுகளை நீரும் ரீவியில பாத்தனீர்தானே. அதுகளில அரை மணித்தியாலம் ஆரும் தந்ததில்லை. எங்கட அதிபர் அக்னெஸ் கூட்டத்தில கேக்கேக்க விளையாட்டு வாத்திமார் ரெண்டுபேர் கை தூக்கிச்சினம். அவை தூக்கின விதம் எனக்குப் பிடிக்கேல்லை, வேட்டைக்குப் போறமாதிரி. அக்னெஸ் என்னைப் பாத்தா. "இதை விரும்பாத ஒருத்தரிட்ட இருந்தா எனக்கு நித்திரை வரும்" எண்டா. எனக்கு அது சரியாப் பட்டுது.

ஆரிட்ட இருக்கெண்டு பிள்ளையளுக்குத் தெரியாது. சேட்டுக்கு உள்ள, இடுப்பில. வீட்டை வந்தா இரும்புப் பெட்டியில போட்டுப் பூட்டுறன். திறப்பு என்ர கழுத்தில, உம்மட தாலிக்கொடி மாதிரி. சிரியும் கொஞ்சம்.

இன்னொண்டும் சொல்லவேணும். மொன்றியலில என்னை ஒருத்தரும் ஒண்டுக்கும் கேக்கேல்லை. பெட்டியை இஞ்ச வை, அங்க வை எண்டுதான் சொன்னவை. இஞ்ச ஒரு வகுப்பு எனக்குப் பின்னால இருக்கு. அவையைப் பாக்கவேண்டியது நான் எண்டு ஒரு ஊரே நம்புது. நீர் அதை விளங்காமல் இருக்கமாட்டீர்.

புட்டு அவிக்கிறன். மா கட்டிபட்டுப் போகுது. தண்ணி எவ்வளவு எண்டு போனில சொல்லும், அது பிள்ளை கேக்கலாம்.

இரவி


செயின்ட் மிஷேல்
05.11.2023

அன்பான வினோஜா அப்பாவுக்கு,

மாவுக்குக் கொதி தண்ணி விட்டிருப்பியள். கொதிச்சு ஆறின தண்ணி விடுங்கோ, கொஞ்சம் கொஞ்சமா. உங்களுக்கு எல்லாத்திலயும் அவசரம்.

உங்களுக்குத் தெரியாத ஒரு பழக்கம் என்னட்ட இருக்கு. சொன்னாச் சிரிப்பியள் எண்டு இவ்வளவு காலமும் சொல்லேல்லை. புது ஆம்பிளை ஆரும் முன்னால வந்தா நான் முகத்தைப் பாக்கிறேல்லை. முதல் இடுப்பைப் பாப்பன். சேட்டு எங்கயும் புடைச்சிருக்கோ, கை எங்க போகுது எண்டு. பேந்துதான் முகம். இஞ்ச மெற்றோவிலயும் அப்பிடித்தான், கோயிலிலயும் அப்பிடித்தான். வன்னியில வளந்த எங்களுக்கு அது தானா வாறது. முகாமின்ர கம்பிக்கு அங்கால நீங்கள் முதன்முதல் வந்து நிக்கேக்கயும் உங்கட இடுப்பைத்தான் பாத்தன். பெல்ட் கூட இல்லை, ஒரு நாடாவால கட்டியிருந்தியள். எனக்கு உடன பிடிச்சுப்போச்சுது. இந்த மனிசனோட பயமில்லாமல் இருக்கலாம் எண்டு அண்டைக்கே நினைச்சன்.

யோசெப்பின் ரீச்சரைப் பற்றியும் சொல்லவேணும். சண்டைக் காலத்தில பெரிய பிள்ளையளைக் கொண்டுபோக ஆயுதக்காரர் எங்கட வகுப்புக்கு வந்தவை. ரீச்சர் வாசல்ல ரெண்டு கையையும் விரிச்சுக்கொண்டு நிண்டா. கையில சோக்குத் துண்டு மட்டும்தான். அவையள் அவவைத் தள்ளிப்போட்டு உள்ள வந்து, என்ர வாங்கில இருந்த றொசானாவையும் இன்னொரு பெடியனையும் கொண்டுபோச்சினம். ரீச்சரிட்ட துவக்கு இருந்திருந்தா என்ன நடந்திருக்கும் எண்டு எனக்குத் தெரியும். அந்த வகுப்பில ஒருத்தரும் மிஞ்சியிருக்கமாட்டம். நான் உங்களுக்குப் புட்டுக்குத் தண்ணி சொல்லித்தர இருந்திருக்கமாட்டன்.

ஒரேயொரு கேள்வி. உங்கட பள்ளிக்கூடத்துக்குச் சுட வாறவன் ஆரா இருப்பான்? ரீவியில நானும் பாத்தனான்தானே. அந்தப் பள்ளிக்கூடத்துப் பெடியன்தான். முந்தின வருசம் உங்களிட்டக் கணக்குப் படிச்சவன். அவனை நீங்கள் சுடுவியளோ? இதுக்கு மறுமொழி எழுதுங்கோ, வேற ஒண்டும் எழுதாட்டாலும் பரவாயில்லை.

லோஜினி

வினோஜா படம் கீறி வைச்சிருக்கிறாள். நீங்கள் கரும்பலகைக்கு முன்னால நிக்கிறியள். பெல்ட்டை மட்டும் கறுப்பால அழுத்திக் கீறியிருக்கிறாள். நான் ஒண்டும் சொல்லிக்குடுக்கேல்லை, சத்தியமா.


ஒஹாயோ
19.11.2023

என்ர லோஜினிக்கு,

நாடாவை ஞாபகம் வைச்சிருக்கிறீரே. அது கொழும்பில வாங்கின காற்சட்டை, இடுப்பு பெரிசு. அதைப் பாத்துத்தான் பிடிச்சது எண்டு பதினாலு வருசமாச் சொல்லேல்லை. என்ர முகத்தைப் பாத்தெண்டு நினைச்சு நான் பெருமையா இருந்திட்டன்.

யோசெப்பின் ரீச்சரை நானும் யோசிச்சன். ஆனா லோஜினி, றொசானா திரும்பி வரேல்லைத்தானே. நோகப்பண்ணச் சொல்லேல்லை. அந்த வாசல்ல வெறுங்கை போதேல்லை. அதுதான் எனக்குள்ள நிக்குது.

போன கிழமை இஞ்ச ஆபத்து மணி அடிச்சிது. பயிற்சி இல்லை, உண்மையான மணி. பிள்ளையளை மூலைக்கு அனுப்பிப்போட்டுக் கதவுக்குப் பக்கத்தில நிண்டன். கை இடுப்பில. பின்னால ஒரு பிள்ளை விக்கி விக்கி அழுகுது, மற்றதுகள் அதின்ர வாயைப் பொத்துதுகள். பேந்துதான் தெரிஞ்சுது, சமையல்கூடத்தில ஒரு கதவைத் தவறுதலாத் திறந்ததால அடிச்ச மணி. ஆனா அந்த நேரம் அது என்னட்ட இருந்தது எனக்கு ஆறுதலா இருந்தது. பொய் சொல்ல ஏலாது.

உம்மட கேள்விக்கு வாறன். மணி அடிக்கேக்க நான் ஒரு முகமில்லாத ஆளைத்தான் நினைச்சனான். முகத்தோட நினைக்கச் சொல்லுறீர். அதுக்கு மனம் வருகுதில்லை.

நத்தார் விடுமுறைக்கு வாறன். டிசம்பர் இருபத்திரண்டு மத்தியானம் பள்ளிக்கூடம் விட்டோண்ண நேர வெளிக்கிட்டா இரவுச் சாப்பாட்டுக்கு உங்களோட. அதைப் பள்ளிக்கூடத்து இரும்பு அலுமாரியில வைச்சுப் பூட்டிப்போட்டுத்தான் வருவன். சத்தியம். என்ர இடுப்பை நீர் எவ்வளவும் பாக்கலாம்.

இரவி


செயின்ட் மிஷேல்
03.12.2023

அன்பான வினோஜா அப்பாவுக்கு,

இந்தக் கடிதத்தில சண்டை இல்லை. நீங்கள் வாறியள் எண்டோண்ண எனக்குச் சண்டை பிடிக்க வருதில்லை.

இஞ்ச வாத்திமார் ஸ்ட்ரைக். பள்ளிக்கூடம் பூட்டு. பிள்ளையளுக்கு மத்தியானச் சாப்பாட்டு நேரம் காவல் நிக்கிற என்ர வேலையும் அதோட நிண்டுபோச்சு. நானும் வினோஜாவும் நாள் முழுக்க வீட்டில ஒருத்தரை ஒருத்தர் தின்னுறம். அவளின்ர ரீச்சரைச் சந்தியில கண்டன், குளிருக்கை பலகையைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறா. என்ன கேக்கிறியள் எண்டு கேட்டன். வகுப்புக்கு உதவிக்கு இன்னுமொரு ஆள் வேணுமாம். இன்னும் ரெண்டு கை. எனக்கு உங்கட அக்னெஸ் ஞாபகம் வந்தது. அங்க கேக்காமலே வேற சாமான் குடுக்கினம். சண்டை இல்லை எண்டு சொல்லிப்போட்டுத் தொடங்கிறன், விடுங்கோ.

இறால் வாங்கி ஐசில வைச்சிருக்கிறன். உங்கட தலையணைக்குப் புது உறை போட்டன். கட்டில்ல உங்கட பக்கத்தில வினோஜா படுக்கிறவள். இருபத்திரண்டாம் திகதி தன்ர இடத்துக்குப் போறாளாம், சொல்லிப்போட்டாள். நான் இரவில அந்தப் பக்கம் திரும்பிப் படுக்கிறேல்லை இந்த ரெண்டு வருசமும். இப்ப கொஞ்சம் கொஞ்சமாத் திரும்பிப் பழகிறன்.

ஆறுதலா ஓடி வாங்கோ.

உங்கட லோஜினி


ஒஹாயோ
24.12.2023

லோஜினிக்கு,

வெள்ளிக்கிழமை பின்னேரம் போனில நான் சொன்னது பொய். கார் பழுதாகி நிக்கேல்லை. கார் நல்லா ஓடினது. பத்திநாதர் அண்ணை வானைக் கொண்டுவந்து ஏத்தட்டோ எண்டு நீர் கேக்கேக்க வேண்டாம் எண்டு கத்தினன். அதை வைச்சே ஏதோ பிழை எண்டு விளங்கியிருப்பீர். பிள்ளைக்குப் பக்கத்தில வைச்சுச் சொல்ல ஏலாமல் போச்சு. எழுதிறன்.

மத்தியானம் பள்ளிக்கூடம் விட்டது. பிள்ளையள் நத்தார் வாழ்த்துச் சொல்லி, கட்டிப்பிடிச்சு, இனிப்புக் குடுத்து, ஒரே அமளி. நான் ஓடிப்போய்க் காரில ஏறினன். கார் ஓடேக்க அது இடுப்பில குத்தும். ஆனபடியா ஒவ்வொரு நாளும் ஏறினவுடன கழட்டி, சீற்றுக்குக் கீழ இருக்கிற சின்னப் பெட்டியில வைக்கிறது. வீட்டை வந்து அதை எடுத்துக்கொண்டு உள்ள போறது. அண்டைக்கும் கை தானாக் கழட்டி வைச்சிட்டுது. ஆனா வீட்டை போகேல்லை. உங்களிட்ட வெளிக்கிட்டன்.

வழி முழுக்கப் பாட்டுப் போட்டுக்கொண்டு வந்தன். வினோஜாவுக்கு ஐசில ஓட வாங்கின சறுக்குச் சப்பாத்து பின் சீற்றில. எல்லையில இருக்கிற ஆயிரம் தீவுப் பாலம் வாறதுக்கு முன்னால ஒரு பலகை நிக்குது, கனடாவுக்குள்ள போறவை ஆயுதம் இருந்தாச் சொல்லவேணும் எண்டு. அதை வாசிச்சிட்டு நான் என்ன நினைச்சன் தெரியுமோ? என்னட்ட என்ன இருக்கு, இறைச்சியும் இல்லை, பழமும் இல்லை எண்டு நினைச்சன். பாலத்தடிக்கு வந்து லைனில நிண்டு, பாஸ்போட்டை எடுக்கக் குனியேக்கதான் கால் பெட்டியில முட்டினது.

லைனை விட்டு எப்பிடி விலத்தினன் எண்டு தெரியேல்லை. ஒரு பெற்றோல் செற்றுக்குப் போய் நிண்டன். அது பள்ளிக்கூடத்துச் சாமான், எறிய ஏலாது, ஒருத்தரிட்டயும் குடுக்க ஏலாது. நியூயோர்க் மாநிலத்துக்குள்ள அதோட வந்ததே சிறைக்குப் போற குற்றம். பாலத்துக்கு அங்கால நீங்கள். மூண்டு மணித்தியாலம்கூட இல்லை. இறால் பொரிக்கிற மணம் வந்தமாதிரிக் கிடந்தது எனக்கு. அதில நிண்டுதான் உமக்கு அடிச்சன்.

பேந்து திரும்பி ஓடினன்.

மறந்துபோனன், லோஜினி. வேற ஒண்டும் இல்லை. சத்தியமா மறந்துதான் போனன்.

இரவி


செயின்ட் மிஷேல்
07.01.2024

வினோஜா அப்பாவுக்கு,

அண்டைக்கு நீங்கள் வானை வேண்டாம் எண்டு கத்தேக்க, உங்களுக்கு அங்க வேற ஆரோ இருக்கினம் எண்டுதான் நினைச்சன். ரெண்டு நாள் அதை நினைச்சு அழுதன். உங்கட கடிதம் வந்தாப்பிறகு, அப்பிடி ஒருத்தி இருந்திருந்தாலும் நல்லாயிருந்திருக்கும் போலக் கிடந்தது. அவளோட சண்டை பிடிச்சிருப்பன், மயிரைப் பிடிச்சு இழுத்திருப்பன். இதோட என்னெண்டு சண்டை பிடிக்கிறது?

மறந்துபோனன் எண்டு எழுதியிருக்கிறியள், அது சமாதானம் எண்டமாதிரி. நீங்கள் வேணுமெண்டு கொண்டுவந்திருந்தா எனக்குக் கோவம் மட்டும்தான் வந்திருக்கும். மறந்தது எண்டதாலதான் பயம். என்னைப் பாருங்கோ. பதினாலு வருசமா ஒரு துவக்கையும் நான் கிட்டக் காணேல்லை, இன்னும் ஒரு நாளும் மறக்கேல்லை. நீங்கள் மூண்டு மாசத்தில மறந்திட்டியள். ஆயுதம் எண்டு பலகையில எழுதியிருக்க, இறைச்சியையும் பழத்தையும் நினைச்சிருக்கிறியள். பேனை மாதிரி, திறப்பு மாதிரி ஆகிப்போச்சு உங்களுக்கு. அப்பிடி மறக்கிற வீட்டில ஒன்பது வயசுப் பிள்ளையை எப்பிடி விடுறது? ஒரு நாளைக்கு அந்தப் பெட்டியைப் பூட்ட மறப்பியள். அதுக்கும் மறந்துபோனன் எண்டு எனக்குக் கடிதம் எழுதுவியளோ?

வினோஜா அண்டைக்குச் சட்டை மாத்தாமல் கதவடியில இருந்தவள். கார் பழுது எண்டோண்ண, "அப்ப நாங்கள் போய்க் கூட்டிக்கொண்டு வருவம்" எண்டு சப்பாத்தைப் போட்டுக்கொண்டு நிக்கிறாள். கழட்டப்பண்ணப் பட்ட பாடு. இறாலை மேல்வீட்டு யோகமலர் அக்காவுக்குக் குடுத்திட்டன்.

கோடைக்கு நாங்கள் வரேல்லை. இதை எழுத எனக்கு விருப்பமில்லை, ஆனா எழுதிறன். உங்கட பக்கம் திரும்பிப் படுக்கப் பழகினன் எண்டு எழுதினன்தானே. இப்ப நடுவில படுக்கிறன்.

லோஜினி


ஒஹாயோ
04.02.2024

என்ர லோஜினிக்கு,

உம்மட கடிதத்தை வாசிச்சுப்போட்டு ஒரு கிழமை உம்மோட கோவமா இருந்தன். ஒரு தரம் மறந்ததுக்கு இவ்வளவோ எண்டு. அந்தக் கோவத்தோடயே வகுப்புக்குப் போய் வந்துகொண்டிருந்தன். பேந்து போன செவ்வாய்க்கிழமை ஒண்டு நடந்தது.

ஒரு பெடியன், கொஞ்சம் ஒதுங்கின சுபாவம், பிந்தி வாறவன். கதவைத் தள்ளிக்கொண்டு உள்ள வந்தான். தலையை மூடின உடுப்பு, ஒரு கை பொக்கற்றுக்குள்ள. ஒருத்தரையும் பாக்காமல் நேர என்னட்ட நடந்து வாறான். என்ர கை இடுப்புக்குப் போயிட்டுது. நான் அனுப்பேல்லை, தானாப் போனது. சேட்டையும் கொஞ்சம் தூக்கிப்போட்டன். அவன் பொக்கற்றுக்குள்ளால மடிச்ச தாள் ஒண்டை எடுத்து மேசையில வைச்சான். முதல் நாள் வீட்டுக்குக் குடுத்த கணக்கு. தனக்குக் கடைசிக் கணக்கு வந்திட்டுது எண்டான். சிரிச்சான். அவன் சிரிச்சு நான் கண்டதில்லை.

அவன் என்ர கையைக் காணேல்லை. நான் கண்டன்.

நீர் நவம்பரில கேட்ட கேள்விக்கு அண்டைக்குத்தான் மறுமொழி தெரிஞ்சுது. முகத்தோட தெரிஞ்சுது. அவன் தந்த கணக்கைத் திருத்த இருந்து, எழுத்து ஒண்டும் தெரியேல்லை எனக்கு. எப்ப தொடங்கி நான் அந்தப் பிள்ளையளின்ர முகத்தைப் பாக்காமல் கையைப் பாக்கத் தொடங்கினன்? உமக்கு அந்தப் பழக்கத்தைத் தந்தவை ஆர் எண்டு எனக்குத் தெரியும். எனக்கு நானே அதைத் தேடி எடுத்திருக்கிறன்.

அடுத்தநாள் அக்னெஸிட்டப் போய்ப் பெட்டியையும் திறப்பையும் மேசையில வைச்சன். "அப்ப உன்ர வாசலை ஆர் பாக்கிறது?" எண்டு மட்டும் கேட்டா. நான்தான் எண்டு சொன்னன். சொல்லிப்போட்டு நடந்து வரேக்க யோசெப்பின் ரீச்சரை நினைச்சன்.

இடுப்பு லேசா இருக்கு. ஆனா அந்த மூலையில அழுத பிள்ளையின்ர சத்தமும் கேட்டுக்கொண்டுதான் இருக்கு. அதுக்கு என்ன செய்யிறது எண்டு எனக்குத் தெரியேல்லை. உமக்காகக் குடுத்தனான் எண்டு சொல்லமாட்டன். அந்தப் பெடியனுக்காகக் குடுத்தனான். ஆனா உமக்குத்தான் முதல் எழுதிறன்.

இரவி


செயின்ட் மிஷேல்
18.02.2024

அன்பான என்ர இரவிக்கு,

பேர் சொல்லி எழுதிப்போட்டன். கோவிக்காதேங்கோ, முகாமில இருந்து எழுதேக்க அப்பிடித்தானே எழுதினனான்.

உங்கட கடிதத்தை வாசிச்சு அழுது, தேத்தண்ணி போட்டு, யோகமலர் அக்காவுக்கும் ஒரு கோப்பை கொண்டுபோய்க் குடுத்தன். என்ன விசேசம் எண்டு கேட்டா. சும்மா எண்டு சொன்னன். அந்தச் சந்தோசம் பின்னேரம் மட்டும்தான் நிண்டது.

வினோஜாவின்ர பள்ளிக்கூடத்தில அண்டைக்குப் பயிற்சி நடந்ததாம். கதவைப் பூட்டி, லைற்றை நூத்துப்போட்டு, எல்லாரும் சுவரோரமாச் சத்தம் போடாமல் இருக்கிறது. வந்து சொன்னாள். சொல்லிப்போட்டுக் கேட்டாள், "அப்பாவின்ர பள்ளிக்கூடத்தில அப்பா எங்க இருப்பார்? சுவரோரமாவோ, கதவடியிலயோ?" சுவரோரம் எண்டு சொல்லவேணும்போல இருந்தது. எனக்கு உங்களைத் தெரியும். கதவடி எண்டு சொன்னன். "கையில என்ன வைச்சிருப்பார்?" எண்டாள். ஒண்டுமில்லை எண்டு சொன்னன்.

அதைக் குடுங்கோ குடுங்கோ எண்டு நாலு மாசமா நான்தானே நிண்டன். குடுத்திட்டியள். இப்ப காலமை எட்டு மணிக்கு உங்கட மணி அடிக்கிற நேரம் எனக்குக் கை ஓடுதில்லை. இருந்தாலும் பயம், இல்லாட்டாலும் பயம். அதைத் திருப்பி வாங்குங்கோ எண்டு சொல்ல எனக்கு வாய் வராது. அந்தப் பெடியன் சிரிச்சதை எழுதினியள்தானே, அதை வாசிச்சாப்பிறகு ஒருத்தரும் சொல்லமாட்டினம். எனக்கு உண்மையா என்ன வேணும் எண்டு இரவிரவா யோசிக்கத் தேவையில்லை, அது எனக்குத் தெரியும். வெக்கத்தில சொல்லாமல் இருந்தன்.

வாங்கோ. வந்து இஞ்ச இருங்கோ.

வகுப்பை விட்டிட்டு வா எண்டு ஒரு வாத்தியாரைக் கேக்கிறது எவ்வளவு பெரிய பாவம் எண்டு எனக்குத் தெரியும். இஞ்ச வந்தாப் பெட்டிதான் திரும்ப. அக்னெஸ் கேட்டமாதிரி இஞ்ச உங்களை ஒருத்தரும் கேக்கமாட்டினம். ஆனா நான் கேக்கிறன். இந்த ரெண்டு வருசமும் நீங்கள் நல்லா இருந்தாக் காணும் எண்டு சொல்லிச் சொல்லி எனக்கு உங்களில ஒரு உரிமையும் இல்லாத மாதிரிப் போச்சுது. எனக்கு நீங்கள் வேணும். உங்கட ஊர் உங்களை நம்புறதைவிட நான் முதல் நம்பினனான், நாடாவோட நிக்கேக்க.

நீங்கள் வந்து நிக்கேக்க நான் முதல் இடுப்பைத்தான் பாப்பன். வேணுமெண்டு இல்லை, பழக்கம். பேந்து முகத்தைப் பாப்பன். கனநேரம் பாப்பன்.

உங்கட லோஜினி


ஒஹாயோ
10.03.2024

என்ர லோஜினிக்கு,

இந்தக் கடிதத்தைத் தொடங்கித் தொடங்கிக் கிழிச்சுப்போட்டன். ஆனபடியாச் சுருக்கமா எழுதிறன்.

ஜூன் முதற்கிழமை இஞ்ச பள்ளிக்கூடம் முடியுது. அதுவரைக்கும் இருக்கவேணும், நடுவில விட்டிட்டு வந்தா என்னை நானே பாக்க ஏலாது. அடுத்த வருசத்துக்கு வரமாட்டன் எண்டு அக்னெஸிட்டச் சொல்லிப்போட்டன். வகுப்புக்கு இன்னும் சொல்லேல்லை. கடைசிக் கணக்குச் செய்த பெடியன் இப்ப முன் வாங்கில இருக்கிறான். அவனுக்கு என்னெண்டு சொல்லுறது எண்டுதான் யோசனை.

எட்டு மணிக்குப் பயப்படாதையும். பள்ளிக்கூடம் விட்டவுடன ஒவ்வொரு நாளும் போனில ஒரு சொல் அனுப்பிறன். வினோஜாட்டச் சொல்லும், எனக்குப் பிறெஞ்சு படிப்பிக்க வேணும் எண்டு. போனமுறை போல வினைச்சொல்லில விழமாட்டன்.

பாலத்தில கேப்பினம், என்ன கொண்டுவாறாய் எண்டு. சறுக்குச் சப்பாத்து ஒரு சோடி எண்டு சொல்லுவன், அதுகும் இப்ப அவளுக்கு அளவில்லாமல் போயிருக்கும். வேற ஒண்டும் இருக்காது என்னட்ட. நல்லா யோசிச்சுத்தான் எழுதிறன், வேற ஒண்டும் இருக்காது. அப்பிடி வாற ஆளை ஏற்பீர் எண்டு நினைச்சுத்தான் வாறன்.

நீர் உம்மட பழக்கத்துக்கு இடுப்பைப் பாரும். நான் கோவிக்கமாட்டன். நீர் பாத்து முடியுமட்டும் வாசல்லயே நிக்கிறன்.

இரவி